1809-ம் கோடும் எங்கள் உர ஸ்டோரும்

இன்டெக்ரல் எடுத்த வானப் படத்தை யாரும் போனில் வால்பேப்பராக வைத்து நான் பார்த்ததில்லை. ஹபிளுக்கும் ஜேம்ஸ் வெப்புக்கும் உள்ள ரசிகர் கூட்டம் அந்த ஐரோப்பியச் செயற்கைக்கோளுக்குக் கடைசிவரை சேரவே இல்லை. 2002 அக்டோபர் 17-ல் பைக்கனூரிலிருந்து புரோட்டான் ராக்கெட்டில் கிளம்பியது. 2025 பிப்ரவரி 28-ல் ஆய்வு வேலையை நிறுத்திக்கொண்டது. அன்றைக்கு நம் பத்திரிகைகளில் ஒரு பெட்டிச் செய்திகூட என் கண்ணில் படவில்லை.

அதில் எஸ்.பி.ஐ. என்று ஒரு கருவி இருந்தது. காமா கதிர் நிறமாலைமானி. படம் பிடிப்பதில் அது படு சுமார். ஐந்து முழு நிலாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலத்துக்குள் எத்தனை பொருள் இருந்தாலும் அதற்கு எல்லாம் ஒரே பொட்டு. ஆனால் வந்து விழுந்த கதிருக்கு எவ்வளவு ஆற்றல் என்று கேட்டால், ஆயிரத்தில் இரண்டு பங்கு துல்லியத்தில் சொல்லிவிடும். அழகான படம் கொடுக்கிற கருவியைவிட இந்த மாதிரி ஒரு எண்ணை ஒழுங்காகக் கொடுக்கிற கருவிதான் எனக்குப் பிடிக்கும். என் தொழில் அப்படி.

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில், லேபில் வேலை செய்கிறேன். அப்பா காலத்தில் இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர். அம்மா காண்டா வாளி, அதாவது தோள்கம்பில் மாட்டிய ரப்பர் பால் வாளி, தூக்கியவர். விடிவதற்கு முன்னால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்ற கதையை யார் வந்தாலும் சொல்வார். பால்மரம் போய் செம்பனை வந்ததும் அப்பா உர ஸ்டோருக்கு மாறினார். நான் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துக் கொஞ்ச நாள் ஈப்போவில் அலைந்துவிட்டு இந்த லேபுக்கு வந்து சேர்ந்தேன். கச்சா எண்ணெயில் தனித்து நிற்கும் கொழுப்பு அமிலம் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. எஃப்.எஃப்.ஏ. என்போம். 5 சதவீதத்தைத் தாண்டினால் வாங்குகிறவர் முகம் கோணும், மேனேஜர் முகம் அதைவிடக் கோணும்.

லேபுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது பிளாங்க். எஃப்.எஃப்.ஏ. பார்க்க ஊற்றுகிற ஆல்கஹாலிலேயே கொஞ்சம் அமிலம் இருக்கும். எண்ணெயைப் போடும் முன்னால் அதை நடுநிலையாக்கி வைக்க வேண்டும். பெராக்சைடு மதிப்பு பார்க்கும்போது இன்னும் கறார். எண்ணெயே போடாமல் முழுச் சோதனையையும் ஒரு தடவை செய்து, பியூரெட் என்கிற அளவுக்குழாயில் எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொண்டு, அதைக் கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்தின் கோளாறையும் குடுவையின் கோளாறையும் எண்ணெயின் தலையில் கட்டிவிடுவோம். எண்ணெய் நல்ல எண்ணெயாக இருக்க இருக்க பிளாங்க் முக்கியமாகும், ஏனென்றால் கழித்த பிறகு மிஞ்சுவது அத்தனை குறைவு.

எஸ்.பி.ஐ. கதை முழுக்க இந்த பிளாங்க் கதைதான். அந்தக் கருவியில் பதிவானதில் வானத்திலிருந்து வந்தது நூற்றில் ஒன்று, இரண்டு. மற்றதெல்லாம் அதன் சொந்த உடம்பு.

இதைப் புரிந்துகொள்ள வான்வெளிக்குப் போக வேண்டியதில்லை, உர ஸ்டோர் போதும். அண்ணன் மகன் கம்பாரில் படிக்கிறான். இணையத்தில் வாங்கிய ஒரு சின்ன காமா நிறமாலைமானியோடு ஒரு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே ஒரு கன சென்டிமீட்டருக்கு சீசியம் அயோடைடு படிகம். காமா கதிர் ஒன்று படிகத்துக்குள் நின்றால் ஒரு துளி வெளிச்சம் வரும், வெளிச்சத்தின் அளவை வைத்து ஆற்றல். போனில் மேடு மேடாக வரைபடம் விழும்.

"அத்தை, எங்கயாவது நல்ல பொட்டாசியம் வேணும்"னான்.

பொட்டாசியத்துக்குத் தோட்டத்தில் பஞ்சமா? எம்.ஓ.பி. உரம், பொட்டாசியம் குளோரைடு, மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். மலேசியாவில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது, அத்தனையும் கப்பலில் வருவது. ஸ்டோரைப் பார்க்கிற கிராணி, எழுத்தர், அப்பாவிடம் வேலை கற்றவர். சாயங்காலம் அவரிடம் கேட்டு, மூட்டைகளுக்கு இடையில் அந்தக் கருவியைச் செருகிவைத்தோம்.

"என்னம்மா, உரத்துக்கு மீட்டர் வைக்கிறீங்க? சரக்குல கலப்படமா லா?"

"இல்லண்ணே. பொட்டாசியத்துல இருந்து கதிர் வருதான்னு பாக்குறான்."

கதிர் என்றதும் அவர் ஒரு அடி பின்னால் போனார். எங்கள் பேராக்கில் அந்த வார்த்தைக்கு நல்ல பேர் இல்லை. எண்பதுகளில் புக்கிட் மேராவில் மோனசைட்டைப் பதப்படுத்திய ஆலையின் தோரியக் கழிவுக்காக ஊர் ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனதெல்லாம் அவர் வயதுக்காரர்களுக்கு மறக்கவில்லை. இது அந்த மாதிரி இல்லை, உங்கள் உடம்பிலேயே இது இருக்கிறது, உடம்பிலிருக்கும் பொட்டாசியத்தில் வினாடிக்கு நாலாயிரத்துக்கு மேல் அணுக்கள் சிதைகின்றன என்று பையன் ஆறுதல் சொன்னான். அவருக்கு அது ஆறுதலாகப் படவில்லை.

இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால், வரைபடத்தின் வலது கோடியில் 1461-ல் ஒரு மேடு. 1461 கிலோ எலக்ட்ரான்வோல்ட், ஆற்றலின் அளவு, இனி கே.இ.வி. என்றே எழுதுகிறேன். பொட்டாசியம்-40 அணு ஆர்கானாக மாறும்போது வருவது. அந்த எண் வேறு எதற்கும் பொருந்தாது. கனடாவில் வெட்டினாலும் சரி, ஜோர்டானில் வெட்டினாலும் சரி, பால்வீதியின் மறுகோடியில் இருந்தாலும் சரி, பொட்டாசியம்-40 என்றால் 1461. கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு 50 கிலோ மூட்டையில் வினாடிக்கு எட்டு லட்சம் அணுக்கள்போலச் சிதைகின்றன. பத்தில் ஒன்றுதான் இந்தக் காமாவைத் தருகிறது. அப்படியும் வினாடிக்கு எண்பதாயிரத்துக்கு மேல், ஒரு மூட்டையிலிருந்து மட்டும். அதில் பாதி வழியிலேயே உரத்துக்குள் மாட்டிக்கொள்ளும், அது வேறு.

இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரே ஆற்றலில் எழும் மேடு கூராக இருந்தால் அதைக் கோடு என்பார்கள். எஸ்.பி.ஐ. தேடிய வானத்துக் கோடு ஒன்றிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு காமா விழச் சில மணி நேரம் ஆகலாம். மங்கலான கோடு என்றால் நாள் கணக்கில்.

பையனின் கருவி நல்ல கருவி, ஆனால் மொட்டைக் கத்தி. 1461 மேடு எண்பது கே.இ.வி. அகலத்துக்குத் தொப்பை போட்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து செங்கல் சுவர் மேல் சாத்தியபோது 600-க்குப் பக்கத்தில் ஒரு மேடு வந்தது. அது தோரியம் சிதைந்து சிதைந்து உண்டாகும் பரம்பரையில் வரும் தாலியம்-208-ன் 583-ஆ, யுரேனியப் பரம்பரையில் வரும் பிஸ்மத்-214-ன் 609-ஆ? இரண்டும்தான். கிந்தா பள்ளத்தாக்கின் கருங்கல்லும் அதிலிருந்து வந்த மண்ணும் இரண்டையும் தாராளமாகத் தரும். ஆனால் சீசியம் அயோடைடுக்கு அவை ஒரே மேடு. பெயர் சொல்ல முடியாத மேட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அங்கேதான் ஜெர்மானியம். வெளிச்சம், ஒளிப்பெருக்கி என்று சுற்றி வளைக்காமல், காமா தட்டிவிடும் எலக்ட்ரான்களை நேரடியாக எண்ணுகிற குறைக்கடத்திப் படிகம். 1333-ல் அதன் கோடு இரண்டரை கே.இ.வி. அகலம்கூட இருக்காது. 583-ம் 609-ம் அதற்கு இரண்டு வேறு ஊர். ஒரே நிபந்தனை, சும்மா வேலை செய்யாது. மைனஸ் 190 டிகிரிக்குப் பக்கத்தில் குளிராக இருந்தால்தான் வாய் திறக்கும்.

இதை ஏன் மேலே கொண்டுபோக வேண்டும் என்றால், நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று பத்து மீட்டர் தண்ணீருக்குச் சமமான கனம். விண்மீன் காமா எதுவும் தரைக்கு வராது. 1961-ல் போன எக்ஸ்ப்ளோரர் 11 செயற்கைக்கோள் தன் முழு ஆயுளில் வானத்துக் காமா என்று நம்பிச் சொன்னது 22. 1967-ல் போன ஓ.எஸ்.ஓ.-3 பிடித்தது 621. இரண்டும் வந்தவற்றை எண்ணின, பெயர் சொல்லவில்லை. பெயர் சொன்ன முதல் பெரிய வேலை ஹீயோ-3. 1979 செப்டம்பரில் நாசா அனுப்பியது. நான்கு ஜெர்மானியப் படிகங்கள். குளிரூட்டக் கொண்டுபோன பொருள் அடுத்த வருஷமே தீர்ந்துவிட்டது. அதற்குள் பால்வீதியிலிருந்து 1809 கே.இ.வி.யில் ஒரு கோடு கிடைத்திருந்தது. அலுமினியம்-26.

நான் இந்த வயதில் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்கக் காரணம் இந்த ஒரு கோடுதான். அலுமினியம்-26-ன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏழு லட்சத்துச் சொச்சம் வருஷம். பால்வீதியின் வயது ஆயிரம் கோடி வருஷத்துக்கு மேல். ஆரம்பத்தில் இருந்ததெல்லாம் எப்போதோ தீர்ந்திருக்கும். இன்றைக்கு வானத்தில் அது இருக்கிறதென்றால் யாரோ இன்னும் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெருவிண்மீன்கள் உள்ளே சமைத்து, காற்றாகவும் வெடிப்பாகவும் வெளியே கொட்டுகின்றன. தனிமங்கள் பிறப்பது என்றைக்கோ நடந்து முடிந்த கதை என்று பள்ளியில் படித்த எனக்கு, அது நடப்பு வேலை என்று காட்டியது ஒரு புகைப்படம் இல்லை, ஒரு எண்.

அடுத்து 1991-ல் போன காம்ப்டன் ஆய்வகம். 17 டன். அதிலிருந்த காம்ப்டெல் என்ற கருவி அலுமினியம்-26 வானத்தில் எங்கெங்கே என்று முதல் வரைபடம் போட்டது. கோடு பிரிப்பதில் அது ஜெர்மானியத்துக்கு வராது. 2000 ஜூனில் பசிபிக்கில் இறக்கிவிட்டார்கள்.

பிறகு எஸ்.பி.ஐ. அறுகோண ஜெர்மானியப் படிகங்கள் 19, தேன்கூட்டு அடுக்கில். குளிரூட்டத் தீர்ந்துபோகிற பொருள் எதுவும் இல்லை, மின்சாரத்தில் ஓடும் ஸ்டிர்லிங் குளிரூட்டிகள். ஹீயோ-3-க்கு ஒரு வருஷம்கூட முழுதாக ஓடாத வண்டி இங்கே இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது இதனால்தான். காமாவைக் கண்ணாடியோ லென்ஸோ வைத்துக் குவிக்க முடியாது, ஊடுருவிப் போய்விடும். அதனால் படிகங்களுக்கு 1.7 மீட்டர் மேலே ஒரு மறைப்புத் தட்டு. 127 அறுகோணக் கட்டங்கள், அவற்றில் 63-ல் மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு டங்ஸ்டன், மற்றவை திறப்பு. எந்தப் படிகத்தில் நிழல் விழுந்தது, எதில் விழவில்லை என்று பார்த்து, கதிர் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணக்குப் போடுவார்கள். 19 படிகத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நுணுக்கமாக நிழல் பார்க்க முடியும்? அந்த ஐந்து நிலா மொத்தைப் பார்வைக்குக் காரணம் இதுதான்.

இனி பிளாங்க். விண்வெளியில் அண்டக்கதிர்கள், அதாவது அதிவேகத் துகள்கள், ஓயாமல் கருவியை அடிக்கின்றன. அடிபட்ட அணுக்கள் கதிரியக்கமாகின்றன. செயற்கைக்கோளின் அலுமினியச் சட்டம், டங்ஸ்டன் தட்டு, கேடயம், ஏன், ஜெர்மானியப் படிகமே, எல்லாம் தத்தம் கோடுகளைப் பாட ஆரம்பிக்கும். நூற்றுக்கணக்கான கோடுகள். அதிலும் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தேடுகிற 1809-க்கு நேர் கீழேயே கருவியின் சொந்தக் கோடு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சட்டத்தில் உள்ள அலுமினியத்திலிருந்து உண்டாகும் சோடியம்-26, மெக்னீசியம்-26 ஆகும்போது அதே 1809-ஐத் தரும். மாங்கனீசு-56 ஒன்று 1811-ல் ஒட்டிக்கொண்டு நிற்கும். வானத்து அலுமினியத்தைத் தேடப் போன கருவிக்கு வீட்டு அலுமினியம் குறுக்கே.

இதற்கு முதல் காவல், படிகங்களைச் சுற்றிப் பிஸ்மத் ஜெர்மனேட் கேடயம். 91 துண்டுகள், அரை டன்னுக்கு மேல் எடை. கேடயத்திலும் படிகத்திலும் ஒரே நேரத்தில் பதிவானால் அது பக்கவாட்டில் புகுந்தது, தள்ளுபடி. (இந்தக் கேடயத்துக்குப் பின்னால் வேறொரு பேர் கிடைத்தது. எல்லாத் திசையிலும் காமா வெடிப்புகளைப் பிடிக்கிற தனிக் கருவியாகவே பயன்பட்டது. 2017 ஆகஸ்ட் 17-ல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி, ஈர்ப்பலை வந்து இரண்டு வினாடி ஆகுமுன் வந்த காமா வெடிப்பை நாசாவின் ஃபெர்மி செயற்கைக்கோளோடு சேர்ந்து இதுவும் பதிவு செய்தது.)

கேடயம் தாண்டியும் மிஞ்சுவதுதான் பெரும்பங்கு. லேபில் எண்ணெய் போடாமல் சோதனை செய்வதுபோல வானத்தை அணைத்துவிட்டுச் சோதிக்க முடியாது. அதனால் செயற்கைக்கோளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்கள். இலக்கைச் சுற்றி ஐந்துக்கு ஐந்து கட்டமாக, இரண்டு டிகிரி இரண்டு டிகிரியாகத் தள்ளி, ஒவ்வொரு இடத்திலும் அரை மணி நேரம்போல. முகம் திரும்பினால் வானத்து நிழல் படிகங்கள் மேல் இடம் மாறும். சொந்த உடம்பின் கதிர் எங்கே திரும்பினாலும் அப்படியே இருக்கும். மாறுவது வானம், மாறாதது பிளாங்க். சொல்ல எளிது. சூரியனின் பதினொரு வருஷச் சுழற்சியோடு அண்டக்கதிர் ஏறி இறங்க, அதோடு பிளாங்கும் ஏறி இறங்கும். அதைப் பின்தொடர்வதே சிலருக்கு முழுநேர வேலையாக இருந்திருக்கிறது. பிளாங்கை அவர்கள் பின்னணி என்பார்கள். அவர்கள் கட்டுரைகளில் பாதிக்கு மேல் பின்னணி, பின்னணி, பின்னணிதான். எனக்கு அந்தப் பாதிதான் சுவாரசியம். பையனுக்குத் தூக்கம் வருகிறது.

படிகங்களை வறுத்த கதையைச் சொல்லாமல் போக முடியாது. அண்டக்கதிர் படிகத்தின் அணு அடுக்கையே குலைக்கும். குலைந்த இடங்களில் மின்னூட்டம் மாட்டிக்கொள்ள, கூரான கோடு இடது பக்கம் வால் நீட்டித் தடித்துக்கொண்டே போகும். அதற்கு வைத்தியம், குளிரூட்டியை நிறுத்திவிட்டு, படிகங்களை 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் சூடாக்கிச் சில நாள் வைப்பது. அணுக்கள் தங்கள் இடத்துக்கு நகர்ந்து உட்காரும். மறுபடி குளிர்வித்தால் கோடு பழைய கூர்மைக்கு வரும். ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்துகொண்டே இருந்தார்கள். மைனஸ் 190-லிருந்து பிளஸ் 100-க்கு, திரும்ப மைனஸ் 190-க்கு, ஆள் தொட முடியாத தூரத்தில், தந்தி மாதிரி கட்டளை அனுப்பி. 19-ல் நான்கு படிகங்கள் வழியில் அணைந்துபோயின. மீதி 15 கடைசிவரை நின்றன.

கிடைத்தது என்ன? 2006-ல் வந்த முடிவு எனக்குப் பிடித்தது. பால்வீதியின் மையத்துக்கு ஒரு பக்கம் நம்மை நோக்கி வருவதால் 1809 கோடு சற்று மேலே, மறுபக்கம் விலகிப் போவதால் சற்று கீழே. நகர்வு ஒரு கே.இ.வி.யில் கால் பங்குபோல. பால்வீதி சுழல்வதோடு அலுமினியம்-26-ம் சுழல்கிறது, ஆக அது நம் பக்கத்து வீட்டில் மட்டும் இல்லை, பால்வீதி முழுக்க இருக்கிறது என்று அதிலிருந்து தெளிவானது. மொத்தம் மூன்று சூரியன் எடைக்குக் கொஞ்சம் குறைவு. அதிலிருந்து, நம் பால்வீதியில் நூறு வருஷத்துக்கு இரண்டு பெருவிண்மீன்கள்போல வெடிக்கின்றன என்று கணக்கிட்டார்கள். எண்பது கே.இ.வி. தொப்பை மேட்டை வைத்துக்கொண்டு கால் கே.இ.வி. நகர்வைப் பார்ப்பது நடக்கிற காரியமா? பையன் தன் கருவியை ஒரு தடவை திருப்பிப் பார்த்தான்.

2014 ஜனவரியில் லண்டனில் ஒரு ஆசிரியர் மாணவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போது எம்82 விண்மீன் மண்டலத்தில் ஒரு வெடிப்பைக் கண்டார். எஸ்.என். 2014ஜே. ஒரு கோடி ஒளியாண்டுக்குக் கொஞ்சம் மேலே, இந்த வகை வெடிப்புக்கு இது பக்கத்து வீடு. இன்டெக்ரல் திரும்பிப் பார்த்தது. 847, 1238. கோபால்ட்-56-ன் கோடுகள். நிக்கல்-56 ஆறு நாள் அரை ஆயுளில் கோபால்ட் ஆகிறது, கோபால்ட் 77 நாளில் இரும்பு ஆகிறது. அம்மாவின் பால்வெட்டுக் கத்தி இன்னும் வீட்டில் இருக்கிறது. அதிலுள்ள இரும்பில் பெரும்பங்கு இந்த மாதிரி வெடிப்புகளில் நிக்கலாகப் பிறந்தது என்று ரொம்ப நாளாகப் புத்தகங்களில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த வகை வெடிப்பில் இரும்பாக மாறிக்கொண்டிருக்கும்போதே கோடு கோடாகப் பிடித்தது அப்போதுதான். 1987-ல் வேறு வகை வெடிப்பு ஒன்றில், சூரியனைப் பார்க்கப் போன எஸ்.எம்.எம். செயற்கைக்கோள் இதே 847-ஐப் பிடித்திருந்தது.

அந்த எஸ்.எம்.எம்.முக்கு வந்த தொல்லை தனிக் கதை. திடீர் திடீரென்று காமா ஏறும், வானத்தில் எதுவும் இருக்காது. பின்னால் தெரிந்தது, சோவியத்தின் உளவுச் செயற்கைக்கோள்கள் அணு உலையை மேலே ஓடவிட்டுக்கொண்டு பக்கத்தில் கடந்து போயிருக்கின்றன. உலையிலிருந்து காமாவும், எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானும். ராணுவ ரகசியமாக இருந்ததால் 1989 வாக்கில்தான் வெளியே எழுத விட்டார்கள். இதே வகைச் செயற்கைக்கோள் ஒன்று, காஸ்மோஸ் 954, 1978-ல் கனடாவின் வடக்கில் விழுந்தபோது அதன் துண்டுகளை விமானத்தில் காமா நிறமாலைமானி வைத்துத்தான் தேடினார்கள். அடுத்தவன் குப்பையையும் பிளாங்கில் சேர்த்துக் கழிக்க வேண்டிய தொழில் இது.

511 பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் பையன் கோபித்துக்கொள்வான், அவனுக்கு அதுதான் உயிர். பாசிட்ரானும் எலக்ட்ரானும் சேர்ந்து அழியும்போது வரும் கோடு. பால்வீதியின் நடுவில் வினாடிக்கு ஒன்றுக்குப் பின்னால் 43 பூஜ்யம் என்கிற அளவில் பாசிட்ரான்கள் அழிகின்றன. எஸ்.பி.ஐ. அதை வரைந்து காட்டியது, பால்வீதியின் தட்டையான வட்டில் குறைவாகவும் நடுப்புடைப்பில் அதிகமாகவும். வட்டில் இருப்பதற்கு அலுமினியம்-26 போன்றவற்றைக் காரணம் காட்டலாம். நடுவில் அவ்வளவு பாசிட்ரான் எங்கிருந்து? கருந்துளை என்கிறவர்கள் உண்டு, பழைய வெடிப்புகள் என்கிறவர்கள் உண்டு, கரும்பொருள் என்கிறவர்களும் உண்டு. பையன் கரும்பொருள் கட்சி. நான் எந்தக் கட்சியும் இல்லை. 511 என்பது கருவியின் சொந்த உடம்பிலும் பெரிய கோடுகளில் ஒன்று என்பதால், யார் புதிதாக எதைச் சொன்னாலும் எப்படிக் கழித்தார்கள் என்பதைத்தான் முதலில் தேடுவேன்.

கடைசி வருஷங்கள் இழுபறிதான். 2020-ல் உந்து எஞ்சின்கள் கைவிட்டன. 2021 செப்டம்பர் 22-ல் ஒரு துகள் அடித்து, திசையைப் பிடித்துவைக்கும் சுழல் சக்கரம் ஒன்று நின்றுபோய், செயற்கைக்கோள் நிமிஷத்துக்கு 17 டிகிரி சுற்ற ஆரம்பித்தது. பேட்டரி மூன்று மணி நேரத்துக்குத்தான் தாங்கும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் இருந்த குழு ஒவ்வொரு கருவியாக அணைத்து நேரம் வாங்கி நிறுத்திவிட்டது. இப்போது வேலை முடிந்துவிட்டாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. 2015-லேயே சுற்றுப்பாதையைத் திருத்தி வைத்ததால் 2029-ல் காற்றுமண்டலத்துக்குள் வந்து எரிந்துவிடும்.

அடுத்த காமா செயற்கைக்கோள் நாசாவின் கோசி, 2027-ல் கிளம்புவதாகத் திட்டம். 16 ஜெர்மானியப் படிகங்கள். மறைப்புத் தட்டு கிடையாது. ஒரே காமா படிகத்துக்குள் எங்கெங்கே மோதியது என்று தடம் பார்த்துத் திசையைக் கணக்கிடும். பூமத்திய ரேகையை ஒட்டி 530 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றப்போகிறது. அங்கே பூமியின் காந்தப்புலம் அண்டக்கதிரில் நிறையத் தடுத்துவிடும், தென் அட்லாண்டிக்கின் கதிர்ப் பட்டையையும் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். பிளாங்க் குறைவு. 2009-ல் நம் மலேசியச் செயற்கைக்கோள் ரசாக்சாட்டை ஏறக்குறைய அந்தப் பாதையில் அனுப்பினார்கள், அது நம் ஊரை அடிக்கடி கடக்க வேண்டும் என்பதற்காக. இந்தியாவின் அஸ்ட்ரோசாட் 6 டிகிரி சாய்வில் போவதால் சில சுற்றுகளில் எங்கள் தலைக்கு நேர் மேலேயே வரும். கோசி எங்களுக்குத் தெற்கே, பாதி வானம் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளியில் கடந்துகொண்டே இருக்கும். பகலோ இரவோ, நான் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதும்.

அது முதலில் எதைக் கொண்டுவர வேண்டும் என்று என்னைக் கேட்டால், பையனின் 511 இல்லை. இரும்பு-60. அரை ஆயுள் 26 லட்சம் வருஷம். பசிபிக் கடலடிப் பாறை ஓட்டில் கிடைத்திருக்கிறது, சில பத்து லட்சம் வருஷத்துக்கு முன்னால் நமக்குக் கொஞ்சம் அருகில் ஒரு விண்மீன் வெடித்த தூசு. அலுமினியம்-26-ஐப் பெருவிண்மீன்கள் உயிரோடு இருக்கும்போதே காற்றில் கொட்டிவிடும். இரும்பு-60 வெடித்தால்தான் வெளியே வரும். இரண்டின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்தால் எங்கே வெடித்தது, எங்கே இன்னும் வெடிக்கவில்லை என்று தெரியும். எஸ்.பி.ஐ. இரும்பு-60-ன் இரண்டு கோடுகளையும், 1173-ம் 1333-ம், மங்கலாகப் பார்த்தது. வரைபடம் போட முடியவில்லை. இரும்பு-60 தன் மகளான கோபால்ட்-60 வழியாகத்தான் அந்தக் கோடுகளைத் தருகிறது. அண்டக்கதிர் அடித்து அடித்து எஸ்.பி.ஐ.யின் உடம்பிலேயே கோபால்ட்-60 சேர்ந்துகொண்டே போனது. ஐந்து வருஷத்துக்கு மேல் அரை ஆயுள், போகவும் போகாது. வருஷம் ஆக ஆக, தேடுகிற அதே இரண்டு எண்களில் பிளாங்க் ஏறியது. கோசி புதுக் குடுவை. முதல் இரண்டு வருஷத்துக் கணக்கில் 1173 கோட்டின் அடியில் கிடக்கும் பிளாங்கை அவர்கள் எப்படிக் கழித்திருக்கிறார்கள் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.